சூடு காட்டும் வீடு

வலது கை சட்டைக்குள் நுழையவில்லை. தோள்மூட்டில் யாரோ ஆப்பு அடித்து இறக்கியதுபோல் இருந்தது. முழங்கை மார்பு மட்டும் வரும், அதற்கு மேல் ஒரு விரற்கடை ஏறாது. இராமசாமி இடது கையை மட்டும் மாட்டிக்கொண்டு, சட்டையின் மறுபாதி முதுகில் தொங்க, பலகை வீட்டின் நடுவே கொக்குபோல் நின்றான். தகரக் கூரையில் மழை கொட்டிய இரைச்சலில் மனைவி பூவம்மா சொன்னது முதலில் காதில் விழவில்லை.

"கையக் குடுங்கன்னேன்."

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து, மூட்டைக்குச் சாக்கு மாட்டுவதுபோல் ஒரே இழுப்பில் சட்டையை ஏற்றிவிட்டாள். அவன் பல்லைக் கடித்தான். வலி முதுகுத்தண்டின் அடிவரை ஓடிப்போய்த் திரும்பி வந்தது.

"எவ்வளவு எண்ணெ போட்டு உருவினேன், ஒண்ணுக்கும் ஆகல. துரை வந்தார்னா அந்தக் கைய இடுப்புல வச்சுக்கிட்டு நில்லுங்க. வலின்னு காட்டிக்காதீங்க."

"இடுப்புல கைய வச்சுக்கிட்டு நிக்க நான் என்ன கூலியாளுங்கள மேய்க்கிற மண்டோரா?"

"மண்டோரு இல்ல, பாய்லர்காரரு. பாய்லரு போச்சுன்னா மம்பட்டிதான். இந்தத் தோளோட மம்பட்டி புடிப்பீங்களான்னு நீங்களே யோசிச்சுக்குங்க."

யோசிக்க எதுவுமில்லை. இந்த மழைக்காலத்துத் தக்காளியும் போன வருடம்போல் நாசமானால் பாய்லரைக் கழற்றிச் சுங்கை ரோட்டுப் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிடப் போவதாகப் பென்னட் துரை சொல்லியிருந்தார். கோபமாகச் சொல்லவில்லை. கணக்குப் பார்த்து அலுத்துப்போன குரலில் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் இராமசாமி இத்தனை பயந்திருக்க மாட்டான்.

சிங்கப்பூரின் பொங்கோலில் கடற்கரைக்குக் கொஞ்சம் உள்ளே, சீனர்களின் பன்றிப் பண்ணைகளைத் தாண்டி இருந்தது துரையின் தோட்டம். சுற்றிலும் எல்லோரும் கங்கோங் கீரையும் பயற்றங்காயும் போட, இவர் ஒருவர்தான் தக்காளி போட்டார். துறைமுகத்துக் கப்பல்களுக்கும் பெரிய ஹோட்டல்களுக்கும் போகும் தக்காளி. மிச்சம் மீதி தேக்கா மார்க்கெட்டுக்கு. தோட்டத்தின் நடுவில் நின்றது கண்ணாடி வீடு. சீமையில் அவருடைய சித்தப்பா தக்காளி போட்ட வீடாம். சித்தப்பா செத்ததும் இரும்புச் சட்டம், கண்ணாடி, குழாய், பாய்லர் எல்லாவற்றையும் பெட்டி பெட்டியாகக் கட்டிக் கப்பலில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். சேதி தேக்காவுக்குப் போனபோது சிரிக்காதவன் இல்லை. சும்மா நின்றாலே வேர்வையில் மனுசன் அவிகிற ஊரில் செடிக்குச் சூடு காட்ட ஒரு வீடா?

துரை அப்படியொன்றும் மடையர் இல்லை. அவருக்கு வேண்டியிருந்தது கூரைதான். பெருமழை அடித்தால் இந்த ஊரில் தக்காளி வெடித்துப் போகும், இல்லாவிட்டால் அழுகிப் போகும். பக்கவாட்டுக் கண்ணாடிகளில் பாதியை மாட்டவே இல்லை. மேலே இருந்தவற்றில் வெயிலுக்கு மறைப்பாகச் சுண்ணாம்பு அடித்தார். பாய்லரையும் விட்டுவைக்க மனம் வராமல் ஓரமாக ஒரு கொட்டகை போட்டு நிறுத்தி, செடி வரிசைகளுக்கு நடுவே குழாய்களை ஓட்டினார். மழைக்காலத்தில் உதவும் என்றார். அதற்கு நெருப்புத் தெரிந்த ஓர் ஆள் தேவைப்பட்டது.

இராமசாமிக்கு நெருப்புத் தெரியும். துறைமுகத்து இழுவைப் படகுகளில் கரி அள்ளிப் போட்டே தோளைக் கெடுத்துக்கொண்டவன். படகுகளுக்கு டீசல் இயந்திரம் வந்தபோது கரி அள்ளியவர்களையெல்லாம் கரையேற்றி விட்டார்கள். மம்பட்டியோடு சாக்கடை தோண்டப் போக வேண்டிய வயதில் கிடைத்த வேலை இது. சம்பளம் மற்றக் கூலிகளைவிட ஒரு படி அதிகம். ஆனால் அவனுக்கு அதைவிடப் பெரிது அந்தச் சொல். பாய்லர்காரர். சம்பள நாளில் கணக்கெழுதும் கிராணி அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது, பக்கத்தில் நிற்பவன் கேட்டானா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வான்.

அந்தச் சொல்லுக்குத்தான் போன வருடம் கேடு வந்தது. கேட்டை வரவழைத்துக்கொண்டதும் அவனேதான்.

மார்கழி அடைமழையில் துரை குடைக்குள் நின்றபடி கிராணியிடம் இங்கிலீசில் ஏதோ சொன்னார். கிராணி சேறு படாமல் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, "யோவ், துரை சூடு காட்டச் சொல்றாரு" என்று கத்திவிட்டுத் திரும்பி ஓடினார். துரை சொன்னது கொஞ்சம் சூடு காட்டு என்று. அந்தக் 'கொஞ்சம்' துரையின் குடையைத் தாண்டி வெளியே வரவே இல்லை. இழுவைப் படகில் சூடு காட்டு என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பெரிய கப்பல் வருகிறது, இருக்கிற கரியையெல்லாம் போடு, ஊசி சிவப்புக் கோட்டைத் தொடட்டும். இராமசாமி சட்டையைக் கழற்றினான். விடிவதற்குள் குழாய்த் தண்ணீர் கொதித்துக் குமுறியது. ஊதக்காற்று அடிக்கிறதே என்று திறப்புகளுக்கெல்லாம் சாக்கை வேறு தொங்கவிட்டிருந்தான். காலையில் வந்து பார்த்தால், ஆள் உயரச் செடிகள் வெந்நீர் ஊற்றிய கீரைபோலத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றன. பூவெல்லாம் தரையில்.

துரை ஒரு குழாயைத் தொட்டார். வெடுக்கென்று கையை எடுத்து ஊதிக்கொண்டார். பிறகு மலாயில் அவனைப் பார்த்துச் சொன்னார்: "அப்பி பாகூஸ். தாப்பி பாஞாக் பாகூஸ்." நெருப்பு நல்ல நெருப்பு. ஆனால் ரொம்ப நல்ல நெருப்பு.

அன்றைக்குக் காய்கறி ஏற்ற லாரியோடு வந்திருந்த கதிரேசன் வாசலில் நின்று எட்டிப் பார்த்தான். மழிக்காத நாளே இல்லாத முகம், எண்ணெய் போட்டு முறுக்கிய மீசை. சிராங்கூன் ரோட்டில் தங்கல். வாயைத் திறந்தால் பக்கத்தில் நாலு பேர் சிரிக்க வேண்டும் அவனுக்கு.

"அண்ணே, இது சூடு காட்டுற வீடா? சரியாத்தான் பேரு வச்சாங்க லா. சுடுகாட்டு வீடு!"

கீரை கட்டிக்கொண்டிருந்த பெண்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

"அப்ப நீங்க யாரு? பாய்லர்காரரு இல்ல. வெட்டியான்!"

அதுவும் காய்கறியோடு லாரியேறித் தேக்காவுக்குப் போய்விட்டது. கொஞ்ச நாளில் மார்க்கெட்டில் கூடை இறக்குகிறவன்கூட, "சுடுகாட்டு வீட்டுத் தக்காளி இன்னும் வரலியா?" என்று கேட்க ஆரம்பித்தான். காப்பிக்கடையில் இராமசாமி உட்கார்ந்தால், "வெட்டியானுக்கு ஒரு காப்பி ஓ" என்று பால் விடாத காப்பிக்குக் குரல் வரும். கூடவே சிரிப்பு. அவனும் சிரித்து வைப்பான். அந்தச் சிரிப்பை முகத்தில் பிடித்து வைத்திருக்கக் கரி அள்ளுவதைவிட அதிகத் தெம்பு வேண்டியிருந்தது.

ஏனென்றால் அது உண்மை. அவனுடைய அப்பன் வெட்டியான்தான். அவருடைய அப்பனும் அதுதான். ஊரில் பிணம் விழுந்தால் ஆள் அனுப்புவார்கள். இவர்கள் செத்தவீட்டு வாசலுக்குப் போகாமல் தெருமுனையில் நின்று சேதி கேட்டுக்கொண்டு போய் விறகு அடுக்குவார்கள். கப்பலேறியபோது இராமசாமி கொண்டுவந்த சாமான் ஒரு தகரப்பெட்டி. விட்டுவிட்டு வந்தது அந்தச் சொல்லை. சிங்கப்பூரில் ஊர்க்காரர்கள் பார்த்தால் முதலில் எந்த ஊர் என்பார்கள், அடுத்து எந்தத் தெரு என்பார்கள். இரண்டாவது கேள்விக்காகத்தான் முதல் கேள்வி. இராமசாமி "ஆத்தோரம்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவான். சுடுகாடும் ஆற்றோரம்தான், பொய்யில்லை. இத்தனை வருடமாகப் பூவம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது. ஒன்றும் தெரியாமலே கதிரேசன் விளையாட்டாக எறிந்த கல் நேராகப் புண்ணில் விழுந்தது.

துரை அவனை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. ஒருநாள் கிராணியை அனுப்பிவிட்டு, காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு எதிரே உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த கடைவீதி மலாயில் தானே விளக்கினார். சித்தப்பாவின் ஊரில் பனிக்காலம் வந்தால் ஆறு மாதம் இந்தப் பாய்லர் அணையக் கூடாதாம். வெளியே பனி கொட்டும், உள்ளே சிங்கப்பூர் மாதிரி இருக்க வேண்டும். ஒரு குளிர்காலத்துக்கு ஒரு ரயில்பெட்டி கரி. குளிர் சாதுவாக இருந்த வருடம் பாதி மிஞ்சும். நிலம் கல்லாக உறைந்த ஒரு வருடம், கரி வாங்கச் சித்தப்பா நிலத்தில் ஒரு துண்டை விற்றார். காற்று பலமாக அடித்தால் அதற்குத் தனி. வெளியே எவ்வளவு குளிரோ அவ்வளவு கரி. இங்கே? துரை கையை விரித்தார். இங்கே வெளியே இருப்பதுதான் உள்ளே வேண்டியதே. சண்டை குளிரோடு இல்லை, ஈரத்தோடு. மழைநாளின் குளுமை இருந்தால்தான் இந்த ஊரில் தக்காளி பிஞ்சு பிடிக்கும், அது போகக் கூடாது. ஈரம் மட்டும் போக வேண்டும். அதனால் மேல் ஜன்னலைத் திற. அடியில் சின்ன நெருப்பு வை. சூடு ஈரத்தைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விடும்.

ஜன்னலைத் திறந்துபோட்டுக்கொண்டு அடுப்பு எரிப்பதா என்று வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். இராமசாமி சிரிக்கவில்லை. நெருப்பு ஒன்றுதான், பருவத்துக்குப் பருவம் அது தின்கிற விறகு வேறு வேறு என்பது அவன் பால்குடி காலத்திலிருந்து பார்த்தது. சித்திரையில் செத்தவனுக்கு அரைவண்டி போதும், ஐப்பசியில் செத்தவனுக்கு ஒன்றரை வண்டி. அதை எங்கே பார்த்தான் என்று துரையிடம் அவன் சொல்லவில்லை.

இந்த வருடம் மழை தொடங்கும் முன்பே சேக் தாவூதிடம் விறகுக்குச் சொல்லி வைத்தான். சதுப்புக் காட்டுப் பாக்காவ் கட்டை. சீராக, புகை குறைவாக நின்று எரியும். சேக் தாவூது நாகூர்ப் பக்கத்துக்காரர், சிராங்கூன் ஆற்றுத் துறையில் விறகுக் கடை.

"ஏம்பா, கல்யாணத்துக்கு விறகு குடுத்திருக்கேன், கந்தூரிக்குக் குடுத்திருக்கேன். சிங்கப்பூர்ல குளிருக்கு விறகு வாங்குறவன் ஆண்டவன் படைப்புலயே நீ ஒருத்தன்தான்."

"குளிருக்கு இல்ல பாய். ஈரத்துக்கு."

"ஈரத்துக்கா? அப்ப எங்க வீட்டு அடுப்படிக்கும் வந்து ஒரு பாய்லரு வச்சுட்டுப் போ. உப்பே கரைஞ்சு ஓடுது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் பட்டை உரித்துக் காயவைத்த கட்டையாகப் பார்த்து ஒரு லாரி அனுப்பியிருந்தார். இராமசாமி அதைக் கொட்டகைக்குள் தரையில் படாமல் அடுக்கி, தார்ப்பாய் போட்டு மூடிவைத்தான்.

இப்போது அந்த மழைதான். விடாமல், காற்றில்லாமல், வானத்தில் யாரோ வாளியைக் கவிழ்த்துவிட்டு மறந்துபோன மாதிரி. சட்டைக்குள் கை நுழைந்த பிறகு இராமசாமியும் பூவம்மாவும் ஒரே சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கண்ணாடி வீட்டுக்கு ஓடினார்கள். வாசலில் கதிரேசனின் லாரி பின்சக்கரம் இரண்டும் சேற்றில் புதைந்து நின்றது. வெள்ளரிக்காய் ஏற்ற நேற்று வந்தவன். திரும்ப வழியில்லை. பொங்கோல் ரோட்டை வாய்க்கால் விழுங்கிவிட்டது. கேலாங் பக்கம் முழங்காலுக்கு மேல் தண்ணீராம், அந்தப் பக்கம் வீடு வைத்திருந்த துரையாலும் வர முடியாது. கேட்க ஆளில்லை. எல்லாம் இராமசாமி தலையில்.

உள்ளே போனதும் பூவம்மா ஒரு இலையைப் புறங்கையால் தடவிப் பார்த்தாள். பிறகு துணி சுற்றிய மூங்கில் குச்சியால் ஒரு பூங்கொத்தின் காம்பில் லேசாகத் தட்டினாள். தக்காளிப்பூ தட்டினால் பொடி உதிர வேண்டும், அப்போதுதான் பிஞ்சு பிடிக்கும். கூரைக்கு அடியில் காற்று பூவை ஆட்டாது, அதனால் அவள் தட்டுவாள். வரிசை வரிசையாக அது அவள் வேலை.

"ஒட்டிக்கிட்டு நிக்குது. பொடி விழல. தீயக் கூட்டுங்க, கொஞ்சமா."

அவள்தான் அவனுடைய ஊசி. பாய்லரில் இருந்த ஊசி தண்ணீரின் சூட்டைக் காட்டும், பூவின் ஈரத்தைக் காட்டாது. அவள் குச்சி தட்டிச் சொல்வதைக் கேட்டு அவன் ஒரு கட்டை கூட்டுவான், ஒரு கட்டை குறைப்பான், புகைபோக்கித் தகட்டை ஒரு விரல் திறப்பான், அரை விரல் மூடுவான். குழாயைப் பிடித்தால் கையை எடுக்காமல் வைத்திருக்க முடிய வேண்டும். அதுதான் கணக்கு.

மூன்றாவது வரிசையில் குழாயின் மேல் ஏதோ நீலமாக விரித்துக் கிடந்தது. கதிரேசனின் கைலி. பக்கத்தில் ஒரு பனியன், காலுறை. அவன் இடுப்பில் கோணிச்சாக்கைக் கட்டிக்கொண்டு குழாய் ஓரமாகக் குந்தியிருந்தான்.

"டேய், எடுடா அத!"

"ஈரம்ணே. காயட்டும். நல்லாத்தான் இருக்கு சூடு, சும்மா சொல்லக் கூடாது."

"ஈரத்த வெளிய தள்ளத்தான் நான் விறகு எரிக்கிறேன். நீ வெளிய இருக்கிற ஈரத்த உள்ள கொண்டாந்து காய வக்கிற. உன் கைலியோட தண்ணியெல்லாம் எங்க போவும்? இந்தப் பூவுலதான் வந்து ஒக்காரும்."

"ஒரு கைலிக்கு இவ்வளவு பேச்சா?" என்று முணுமுணுத்தபடி எடுத்துக்கொண்டு பாய்லர் கொட்டகைக்குப் போனான்.

பூவம்மா சிரித்தாள். "நம்ம வீட்டுல பாயி நனஞ்சு கெடக்கு. தக்காளி மட்டும் குளிரு காயுது. போன ஜென்மத்துல புண்ணியம் பண்ணுன செடி."

நடுப்பகலில் தோள் முழுசாகக் கைவிட்டது. கட்டையைக் குனிந்து எடுத்தான், நிமிர்ந்தான், கை அப்படியே நின்றது. கட்டை காலடியில் விழுந்தது. இடது கையால் எடுத்து எறிந்தால் அடுப்பு வாயின் இரும்பில் இடித்து வெளியே உருண்டது. உள்ளே தணல் சாம்பல் பூத்துக்கொண்டிருந்தது. கதிரேசன் கைலியோடு மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். இராமசாமி அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"எந்திரி. ஒரு கட்டை எடுத்து உள்ள வை."

கதிரேசன் எழுந்தான். மற்றது எப்படியோ, ஆள் சோம்பேறி இல்லை. அன்று முழுக்க, மறுநாள், அதற்கும் மறுநாள் அவன்தான் இராமசாமியின் வலது கை. பூவம்மா கண்ணாடி வீட்டிலிருந்து "போதும்" என்பாள், "இன்னும்" என்பாள். இராமசாமி கொட்டகை வாசலில் நின்று அதைக் கதிரேசனுக்குச் சொல்வான். அவள் நேரத்துக்கு நேரம் தேயிலைத் தண்ணீர் போட்டு மூன்று தகரக் குவளையில் ஊற்றினாள். மரவள்ளிக்கிழங்கை அடுப்புச் சாம்பலில் சுட்டுத் தின்றார்கள். மழை அப்படியே நின்று பெய்துகொண்டிருந்தது.

பழகிய பிறகு கதிரேசனுக்குக் கை துள்ள ஆரம்பித்தது. மூன்றாம் நாள் காலை இராமசாமி ஒன்று என்றால் மூன்று கட்டையை வாரி உள்ளே எறிந்தான். தீ புகைபோக்கி வழியே உறுமியது.

"என்னடா பண்ற நீ?"

"சீக்கிரம் காயட்டும்ணே. சுடுகாட்டு வீடுன்னு பேரு வச்சதே நான்தானே? கடைசில நானே வெட்டியானாயிட்டேன், பாத்தீங்களா லா!" என்று மீசைக் கரியைத் துடைத்தபடி சிரித்தான்.

இராமசாமி இடது கையால் நீளக் கம்பியை எடுத்து, எரிகிற கட்டை ஒன்றை வாயோரம் இழுத்துத் தள்ளி, தகட்டை மூடினான். உறுமல் அடங்கியது. பிறகு நிதானமாகச் சொன்னான்:

"வெட்டியான் வேல உனக்குத் தெரியாது. தெரிஞ்சா இப்படிப் போடமாட்ட."

"அதுல என்னண்ணே இருக்கு தெரிய? தீய வச்சா எரியப் போவுது."

"தீய வச்சா விறகுதான் எரியும். ஆள் எரியணும்ல? செத்தவன் வீட்டுக்காரன் அளந்துதான் விறகு குடுப்பான். ஒரு குச்சி கேட்டாலும் மேல வராது. ஐப்பசி மழையில, ஈர விறகுல, காத்து எந்தப் பக்கம்னு பாத்து, தடிய அடியில குடுத்து, நெஞ்செலும்பு கடைசியாத்தான் வேகும்னு அதுக்குக் கட்டையைத் தனியா எடுத்து வச்சு, விடியறதுக்குள்ள எலும்பு பொறுக்குற பதத்துக்குக் கொண்டாரணும். அரைவேக்காட்டுல விட்டா நாய் இழுக்கும். ஊரே வந்து அடிக்கும். எங்கப்பா அடுக்குன அடுக்குல ஒரு பொணமும் பாதில நின்னதில்ல."

கண்ணாடி வீட்டுக்குள் குச்சி தட்டும் சத்தம் நின்றுபோனது. பூவம்மா செடிகளுக்கு இடையில் அசையாமல் நின்றிருந்தாள்.

கதிரேசன் வாய் சிரிப்பில் பாதி திறந்தபடி நின்றது. "உங்கப்பா...?"

"வெட்டியான். அவரோட அப்பாவும். நீ வெளையாட்டுக்குக் கூப்பிட்டது என் வம்சத்துப் பேரு."

சொல்லி முடித்த பிறகு இராமசாமியின் முதுகு தானாக நிமிர்ந்தது. இத்தனை வருடம் இந்த வார்த்தைக்குப் பயந்து காப்பிக்கடையில் ஓரமாக உட்கார்ந்தது நினைவுக்கு வந்தது. பயந்த ஆள் வேறு யாரோ என்று தோன்றியது. இந்த நெருப்பை அளந்து நிறுத்துகிற கை அப்பன் கொடுத்த கை. இழுவைப் படகு அவன் தோளை எடுத்துக்கொண்டதே தவிர, ஒன்றையும் கற்றுத்தரவில்லை.

கதிரேசன் தன் கையில் இருந்த தகரக் குவளையைக் குனிந்து பார்த்தான். பூவம்மா ஊற்றிக்கொடுத்தது. அவள் கிழங்கு சுட்டுக் கொடுத்ததையும், மூன்று குவளையையும் ஒரே வாளியில் முக்கிக் கழுவியதையும் அவன் எண்ணிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. குவளையைப் பாய்லர் மேடையில் வைத்தான். மழை பெய்தது. பூவம்மா கொட்டகை வாசலுக்கு வந்து நின்றாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள், சண்டைக்கு நிற்பவள்போல. அடுப்புக்குள் ஒரு கட்டை வெடித்தது.

கதிரேசன் குவளையை மறுபடி எடுத்தான். உள்ளே எட்டிப் பார்த்தான்.

"ஆறிப்போச்சு அண்ணி. சூடா ஊத்துங்க."

அவள் உடனே ஊற்றவில்லை. அவனைக் கொஞ்ச நேரம் நிற்கவைத்துப் பார்த்தாள். பிறகு ஊற்றினாள். அவன் குடித்தான். ரொம்பச் சூடு, நாக்கைச் சுட்டுக்கொண்டான், காட்டிக்கொள்ளவில்லை.

"இப்ப எத்தன கட்டை?" என்று இராமசாமியிடம் கேட்டான்.

"கட்டையே வேணாம். இந்த நெருப்பு மதியம் வரைக்கும் தாங்கும். சாம்பல மட்டும் கிண்டி விடு."

மழை ஒரு விடியற்காலையில் ஓய்ந்தது. வழி திறந்ததும் துரை வந்தார். கால்சட்டையைச் சுருட்டி விட்டிருந்தார், காலெல்லாம் சேறு. வழி நெடுகச் சீனர் தோட்டங்கள் தண்ணீரில் கிடந்ததைப் பார்த்துக்கொண்டே வந்த முகம். கண்ணாடி வீட்டுக்குள் நுழைந்தவர் குழாயின்மேல் கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. அப்படியே குழாயைத் தடவிக்கொண்டு முதல் வரிசையின் கடைசி வரை நடந்தார். அடிக்கொத்துகளில் காய் சிவந்திருந்தது. நடுவில் பச்சைக்காய். நுனிக்கொத்துகளில், இந்த மழைக்குள் பூத்த பூக்களில், மிளகு அளவுக்குப் பிஞ்சு பிடித்திருந்தது. அழுகல் ஒன்றிரண்டு இருந்தது, இல்லாமலில்லை. பூவம்மா அதைக் கிள்ளி ஒரு டின்னில் போட்டு வைத்திருந்தாள். மறைக்கவில்லை, துரையிடம் நீட்டிக் காட்டினாள்.

கொட்டகைக்கு வந்து விறகைப் பார்த்தார். வந்ததில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. அவர் கண்ணை இடுக்கினார், விறகைக் காட்டினார், பாய்லரைக் காட்டினார், "இத்தோ சாஜா?" என்றார். இவ்வளவுதானா?

"இத்தோ சாஜா, துவான்."

துரை சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். ஒரு ரயில்பெட்டி, ஒரு ரயில்பெட்டி என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சித்தப்பா விற்ற நிலம் ஞாபகம் வந்திருக்கும். வெளியே வந்து, கூட வந்திருந்த கிராணியிடம் பாய்லர் இருக்கட்டும் என்று சொன்னது இராமசாமிக்கே புரிந்தது. இங்கிலீசுதான், ஆனால் புரிந்தது. அவன் இடுப்பில் கை வைத்துக்கொள்ளவில்லை. வலது கை அதன் பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. தொங்கட்டும். குறைந்த விறகை வைத்துக்கொண்டு நெருப்பை நெருப்பாகவும் சூட்டைச் சுடாமலும் நிறுத்தத்தான் ஆள் வேண்டும். அந்த ஆள் யாரென்று இந்தத் தோட்டத்தில் இனி ஒருவரும் கேட்கப் போவதில்லை.

லாரியைச் சேற்றிலிருந்து கிளப்ப ஆறேழு பேர் பிடித்துத் தள்ளினார்கள். பழுத்த தக்காளிக் கூடைகளைக் கதிரேசனே ஏற்றினான். ஏற்றி முடித்து, கதவைத் திறந்து ஒரு காலைத் தூக்கி வைத்தவன் இறங்கி வந்தான்.

"தேக்காவுல கேப்பானுங்க, சுடுகாட்டு வீட்டுத் தக்காளியான்னு."

"ஆமான்னு சொல்லு."

"சொல்றேன்." மீசையைத் தடவினான். வேறு எதையோ கேட்க வந்து நிற்பது தெரிந்தது. "அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க. ஊரையெல்லாம் எரிச்சாரே உங்கப்பா, அவர யாரு எரிச்சா?"

யாரும் இதுவரை கேட்காத கேள்வி. பூவம்மாகூடக் கேட்டதில்லை.

"எரிக்கல. எங்க சனத்தப் பொதைக்கிறதுதான். வெறகு யாரு குடுக்கிறது? நான் அப்பப் படகுல கரி அள்ளிக்கிட்டு இருந்தேன். சேதி வந்து சேந்தப்போ கருமாதியெல்லாம் முடிஞ்சிருந்துச்சு." லாரிச் சக்கரத்தில் ஒட்டிய சேற்றைக் காலால் தட்டினான். "அவருக்கு எரியணும்னுதான் ஆச. மண்ணுக்குள்ள போட்டுறாதடா, மூச்சு முட்டும்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுவாரு."

கதிரேசன் தலையாட்டினான். இராமசாமியின் நல்ல தோளை ஒருமுறை தொட்டுவிட்டுப் போய் லாரியைக் கிளப்பினான். அது தண்ணீரை இரண்டு பக்கமும் கிழித்துக்கொண்டு தென்னைகளுக்கு அப்பால் மறைந்தது.

வெயில் வந்துவிட்டிருந்தது. கழுவி விட்ட கண்ணாடிக் கூரை கண்ணைக் கூச வைத்தது. உள்ளே பூவம்மாவின் குச்சி தட்டும் சத்தம் கேட்டது, பொடி உதிர்கிற நாளின் வேகமான சத்தம். இராமசாமி தார்ப்பாயை ஒற்றைக் கையால் விலக்கினான். மிச்ச விறகு இடுப்பு உயரத்துக்கு நின்றது. பட்டை உரித்த, உலர்ந்த, சிவப்போடிய கட்டைகள். அவன் கண் தானாகவே அவற்றைப் பிரித்து அடுக்கத் தொடங்கியது. அடிக்கு இவை, பக்கத்துக்கு இவை, நெஞ்சுக்கு இந்தத் தடித்தவை. நெட்டையான ஆள் ஒருவருக்குத் தாராளமாகக் காணும், ஐப்பசி மழையாக இருந்தாலும்.

அப்பனுக்கு அவன் ஒரு சிதை விறகு பாக்கி.